எச்சில் இலையும் என் பன்றியும்

கோயில் ஊரில் பன்றியா என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் உண்டு. பொத்தட்டும். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சியதைத்தான் என் பன்றி தின்கிறது.

காஞ்சிபுரத்தில் முகூர்த்த நாளென்றால் மண்டபத்துக்கு மண்டபம் டிரம் டிரம்மாகச் சோறும் சாம்பாரும் மிஞ்சும். என் வீட்டுக்காரர் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருவார். நான் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஊற்றுவேன். சாப்பிட்ட இலையை மண்டபத்திலேயே உதறிவிட்டு வருவது எங்கள் தொழில் வழக்கம். "எல மாட்டுக்கு, சோறு பன்னிக்கு" என்பார் வீட்டுக்காரரின் அண்ணன். தாமல் பக்கம் நாங்கள் பன்றிக் கொட்டாய் போட்டிருக்கும் இடம் அவருடையது. அதனால் அவர் சொன்னதுதான் சட்டம்.

வெறும் சோறு தின்று என் முதல் சினைப்பன்றி உருண்டு திரண்டது. பார்த்துப் பார்த்துப் பூரித்தேன், பைத்தியக்காரி. கடைசி வாரத்தில் விட்டை ஆட்டுப் புழுக்கைபோல் இறுகியது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. குட்டி போட முடியாமல் ஒரு பகல் முழுக்க முக்கிக்கொண்டு கிடந்தது. ஏழு குட்டிகளும் செத்தே விழுந்தன.

சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். "உன் கை ராசி இல்லமா. அடுத்த தபாவும் இப்பிடி ஆச்சுன்னா கொட்டாயப் பிரிச்சுட்டு லாரி செட்டு போட்டுக்கிறேன்."

ராசியாம் ராசி! செத்த குட்டிகளுக்கு அழுததைவிட அந்த ஒரு வார்த்தைக்கு அதிகம் அழுதேன்.

வாலாஜாபாத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் காய்ந்த விட்டையை விரலால் நசுக்கிப் பார்த்தார். "நாரே இல்லயேமா. மலம் கட்டிக்கினு கெடந்தா அது எப்பிடி குட்டி போடும்? புல்லு, கீர, தவிடு எதனா சேர்த்துக் குடு. தண்ணி தாராளமா வை."

புல்லுக்கு நான் எங்கே போவேன்? மறுமுகூர்த்தத்தில் மண்டபத்துக் கொல்லையில் மலையாகக் குவிந்து கிடந்த வாழையிலைகளைப் பார்த்தேன். பிளாஸ்டிக் டம்ளரையும் பல்குச்சியையும் பொறுக்கி எறிந்துவிட்டு இலைகளை அள்ளினேன். நடுநரம்போடு பொடியாக நறுக்கிச் சோற்றோடு வேகவைத்தேன்.

"பன்னிக்கு எல போட்டு விருந்து வெக்கிறாங்கபா!" என்று மண்டபத்து ஆட்கள் சிரித்தார்கள்.

"ஆமா, அடுத்து பாயாசம். நீயும் வந்து குந்து" என்றேன்.

இரண்டாவது சினைப்பன்றி அதை மென்று மென்று நேரமெடுத்துத் தின்றது. வயிறு நிறைந்ததும் கொட்டாய்க் கம்பியைக் கடிக்காமல் சாய்ந்து படுத்துக்கொண்டது. விட்டை மிருதுவாக விழுந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒன்பது குட்டிகள். ஒன்பதும் உயிரோடு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தாய்க்கு நல்லதென்றால் குட்டிக்கும் நல்லதுதானே என்று, பால் மறந்த குட்டிகளுக்கும் பாதிக்குப் பாதி இலையைப் போட்டேன். சில வாரங்களில் வயிறு பானையானது, முதுகெலும்பு துருத்தியது, வளர்த்தி அப்படியே நின்றது. செய்தி அண்ணன் காதுக்குப் போய்விட்டது. "ஒரு மாசம் டைம். தேறலன்னா செட்டுதான்" என்று சொல்லியனுப்பினார்.

இந்தத் தப்பு முழுக்க என்னுடையது. டாக்டர் போனிலேயே திட்டினார். "பெரிய பன்னி கொடல்ல நார உடைக்கிற கிருமி நெறய இருக்குது. குட்டிக்கு இன்னும் ஊறலமா. நாரே வயித்த ரொப்பிக்கினா சத்து எங்கருந்து வரும்? நார ஒரேடியா நிறுத்தாத, பேதி புடுங்கும். கொறச்சுக்க."

இலையை நிறுத்தினேன். சோறு, புண்ணாக்கு, நாருக்குக் கையளவு தவிடு. அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பானை வயிறு வடிந்தது. பிறகு முதுகெலும்பு மறைந்தது. மாதக் கடைசியில் குட்டிகள் தொட்டியையே முட்டித் தள்ளின.

சொன்ன நாளில் அண்ணன் லாரி செட்டுக்கு இடம் அளக்க டேப்போடு வந்தார். குட்டிகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போடப் போனார்.

"போடாதீங்க மாமா, இப்பிடி குடுங்க" என்றேன். "ஒம்போதுக்கு இந்தக் கொட்டா பத்தாது. அந்த ஏழும் பொழச்சிருந்தா இன்னும் பெருசா கேட்டிருப்பேன்."