ஆணியில் தொங்கும் கட்சித் துண்டுகள்

காலடிப்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு சபையின் வாசலில் நிற்கிறேன். வெளிச்சுவரில் வரிசையாக ஆணிகள். கட்சிக் கரை போட்ட துண்டை அதில் மாட்டிவிட்டுத்தான் ஜெபத்துக்கு உள்ளே போகவேண்டும் என்பது இங்கே வழக்கம். தேர்தல் நேரம், எல்லா நிறமும் தொங்குகிறது.

வாசலைக் கவனிப்பவர் எஸ்தர். மீன் விற்கிறார், ஒரு கட்சியின் வட்டப் பொறுப்பிலும் இருக்கிறார். அவருடைய கட்சி வேட்பாளரே ஆட்களோடு வருகிறார். எஸ்தர் கையை நீட்டுகிறார்.

"துண்டைக் குடு நைனா."

"இன்னாக்கா, நம்ம கட்சிக்கே இதா?"

"நேத்து எதிர்க்கட்சிக்காரன் குடுத்துட்டுதான் உள்ள போனான். மைக்கும் கெடையாது. ஜெபம் பண்ணுவாங்க, தலைய குனிஞ்சிக்கோ."

"உன் பதவி பூடும்க்கா," என்கிறான் கூட வந்தவன்.

"போவட்டும். அப்பவும் என் ஓட்டு உங்களுக்குத்தான்டா."

வேட்பாளர் துண்டைக் கழற்றுகிறார். எஸ்தருடைய விசுவாசம்தான் என்னுடையதும் என்று நினைக்கையில் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அப்படிப் பெருமைப்பட எனக்குத் தகுதி இல்லை. தெற்கே என் ஊரில் நான் போதகராக இருந்தபோது, எனக்குப் பிடித்த வேட்பாளரைப் பிரசங்க மேடையில் ஏற்றி, இவரை ஆண்டவர் அனுப்பியிருக்கிறார் என்றேன். ஒரு குடும்பம் எழுந்து போனது. சபைக்குத் திரும்பவே இல்லை. அதை எஸ்தரிடம் சொல்கிறேன்.

"அவங்களாண்ட போய் சொன்னீங்களா ஐயா?"

"இல்லை."

"அப்ப என்னாண்ட சொல்லி இன்னா ஆவும்? உசுரோடதான கீறாங்க?"

இருக்கிறார்கள். ஊரில் என் வீட்டிலிருந்து நான்காவது வீடு.