அந்தோணி அரம் போட்ட நேரம்

அந்தோணி போய்விட்டான் என்று அவன் மனைவி ரீட்டா போனில் சொன்னபோது நான் எர்ணாவூர் பக்கம் பஸ்ஸில் நின்றிருந்தேன். முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள். இறங்க வழியில்லை, பஸ்ஸும் நகரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே அழுதேன்.

திருவொற்றியூர் விறகுத் தொட்டியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவனைத் தெரியும். பல் வைத்த செயின் சுற்றி ஓடும் மெஷின் ரம்பம் அவன் கையில். அறுத்ததை அடுக்குவது நான். வருவதெல்லாம் உப்பங்கழி ஓரம் கிடந்த புளியங்கட்டை. இரும்பு மாதிரி இருக்கும், பட்டைக்குள் சேறும் மணலும் இறுகிக் கிடக்கும். அதற்குப் பல்லின் மூலை உருண்ட செயினைத்தான் மாட்டுவான். மூலை கூரான செயின் சுத்தமான மரத்தில் பறக்கும், மண் பட்டால் மழுங்கிப் படுத்துவிடும். "செதிலா வந்தா ஓட்டு, தூளா வந்தா நிறுத்து" என்பான். தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது, நிறுத்தி அரம் போட்டுக் கூராக்க வேண்டும். அந்த 'நிறுத்து' மட்டும் முதலாளிக்குப் பிடிக்காது.

ஒரு மழைக்காலத்தில் அடுக்கு சரிந்து, பெரிய கட்டை ஒன்று என் இடது காலைப் பிடித்துக்கொண்டது. மீதி அடுக்கு அதன்மேல் சாய்ந்து நின்றதால் புரட்ட முடியாது. கால்மேல் கிடந்த துண்டை மட்டும் அறுத்து எடுக்க வேண்டும். அந்தோணி ரம்பத்தோடு ஓடிவந்தான். செயினை விரலால் தடவிப் பார்த்தான். காலையிலிருந்து ஓடி மழுங்கியிருந்தது. என் தலைமாட்டிலேயே உட்கார்ந்து அரத்தை எடுத்தான்.

"புச்சு செயின் கீதேடா, அத்த மாட்டு" என்றார் முதலாளி.

"அது கூர் மூலை மொதலாளி. இந்த மண்ணுல ஒரு இழுப்புக்குத் தாங்காது. அப்பால அமுக்கி அறுக்கணும். அமுக்குனா கட்ட உருண்டு இவன் இடுப்பு மேல ஏறும்."

மற்றவர்களைப் பட்டையைச் செதுக்கித் தண்ணீர் ஊற்றச் சொன்னான். தான் பல் பல்லாக, உள்ளிருந்து வெளிப்பக்கம் அரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். எனக்குக் கால் மரத்துக்கொண்டே வந்தது.

"கஸ்மாலம், பூஜ போட்டுகினு கீறியா? அறுடா" என்றேன்.

"நல்லா திட்டிகினே இரு மாமு. நீ திட்ற வரைக்கும் எனக்குக் கை நடுங்காது."

அவன் குடும்பத்தில் ஒருவரையும் நான் விடவில்லை. கடைசியில் ரம்பம் இறங்கியது. என் முகத்தில் செதில் செதிலாக விழுந்தது. கட்டை அசையவே இல்லை. எலும்பு முறிந்திருந்தது, ஆனால் கால் தப்பியது.

பிறகு அவனுக்கு நெஞ்சு கெட்டது. ராயபுரத்தில் அவன் குடியிருந்த ஒற்றை ரூமில், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். கடைசியாகப் பார்க்கப் போனபோது அவன் மூச்சுக்குப் போட என்னிடம் ஒரு அரமும் இல்லை, பாவி நான், வெறுங்கையோடு நின்றேன்.

"இன்னாவாச்சும் திட்டுடா" என்றேன்.

வாயைத் திறந்தான். மூச்சு எட்டவில்லை. கையை நீட்டி, என் இடது காலை முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்தான், செயினைப் பார்ப்பதுபோல. "நல்லா கீது" என்றான்.

அவனுடையது என்று என்னிடம் இருப்பது இந்தக் கால்தான். மழைக்கு இழுக்கும், வலிக்கும். நேற்று அவன் பெட்டிக்குப் பின்னால் கல்லறைவரை இதில்தான் நடந்துபோனேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.