செவ்வாய்க்கிழமை திறந்திருந்த கடை

கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது என்னைப் பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிற மல்லிகாவின் போன் வந்தது. "பாபி, அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் என்னிடம் பேசுகிறாள் என்று குரலில் தெரிந்தது. பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

அன்று பிற்பகல் செண்பகம் அக்காவை எடுத்துக்கொண்டு போனபோது தருமபுரியில் ஒரு சலூனும் திறந்திருக்கவில்லை. சலூன்காரர் சங்கத்தில் பேசி முடிவெடுத்து அடைத்திருந்தார்கள். ஊர்வலத்தின் நீளத்தைப் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர், "எறந்தவங்க பெரிய டாக்டருங்களா?" என்று என்னிடம் கேட்டார். "முடி வெட்டறவங்க" என்றேன். அவர் நம்பாமல் வேறொருவரிடம் போய் மறுபடி விசாரித்தார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய பெருமையை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் கடை தொடங்கிய நாட்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகித் தருமபுரிக்கு வந்த புதிது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் மாமனாருக்கு ஒரு பேன்சி ஸ்டோர் இருந்தது. ரிப்பன், வளையல், ஹேர்பின், சவுரி முடி எல்லாம் விற்போம். என் கணவர் காதர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில் நான் கல்லாவில் உட்காருவேன். ஒருநாள் அவர் கிளம்பப் போகையில், நெடுநெடுவென்று உயரமான ஒருவர் நீல நிற நூல் புடவையில் வந்து சவுரி கேட்டார். அவரைப் பார்த்ததும் வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வெளியே போய்விட்டார்கள். திருநங்கை என்ற சொல் அப்போது எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. அன்றைக்கு அவர்களை எப்படி அழைத்தார்கள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அவர் சவுரியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். விலை பேசாமல் வாங்கிக்கொண்டார். பிறகு என் கணவரிடம் கேட்டார்.

"பின்னால சந்துப் பக்கம் அந்த ரூம்பு சும்மாதானே கெடக்குது பாய்? வாடகைக்கி உடுவீங்களா?"

"என்ன யாவாரம்?"

"முடி வெட்டறதுங்க. சீவி, பின்னி, சவுரி வெச்சி உடறது. பெங்களூர்ல நாடகக் கம்பெனியில வேல செஞ்சிருக்கறேன்."

"ஆம்பளைங்களுக்கா, பொம்பளைங்களுக்கா?"

"எங்களுக்குங்க."

என் கணவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, வியாபாரி. "உங்காளுங்க இந்த ஊர்ல எத்தன பேரும்மா இருக்கீங்க? கைவிரல்ல எண்ணிடலாமே. இது எப்படி ஓடும்?"

"எண்ணறதுக்கு அவங்க வெளிய வரணுமில்லீங்களா" என்றார் அக்கா.

அந்தப் பதிலுக்காகவே என் கணவர் ரூமைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். "ஆடி வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

அப்படி ஒரு கடை எதற்கு என்று எனக்கும்தான் அப்போது புரியவில்லை. அக்காதான் சொன்னார். ஆண்கள் சலூனுக்குப் போனால் சிரிப்பார்கள். கொஞ்சம் நுனியை வெட்டச் சொன்னால் வேண்டுமென்றே ஒட்ட வெட்டிவிடுவார்கள். பெண்களுக்கு முடி திருத்தும் இடங்களில் வாசல்படி ஏற விடமாட்டார்கள். முடி வளர்க்கத் தொடங்கிய ஒருத்திக்கு, கிராப்பும் இல்லாமல் கூந்தலும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக நிற்கும் காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில்தான் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காது. "அந்த நேரத்துல ஒரு நல்ல கை பட்டா, அவ தப்பிச்சிக்குவா பாபி" என்றார் அக்கா. ஏரியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, முடி வளர்த்ததற்காகவே வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர் அவர்.

கடை திறந்தும் யாரும் வரவில்லை. அக்கா தினமும் வருவார், பெருக்குவார், நாற்காலியைத் துடைப்பார், கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போடுவார், போய்விடுவார். என் கணவர் வாயைத் திறக்காமல் காலண்டரைப் பார்ப்பார். அக்காவுக்கும் அது தெரியும். ஒருநாள் திடீரென்று, "இனிமே செவ்வாக்கிழம மட்டும் தொறக்கறேன் பாபி" என்றார். செவ்வாயன்று ஊரிலுள்ள எல்லாச் சலூனுக்கும் விடுமுறை. அன்றைக்கு யார் முடி வெட்டிக்கொள்ள வருவார்கள் என்று கேட்டேன்.

"அவங்க பயப்படறது வழிக்கி. ஸ்டேசன்ல எறங்கி இங்க வரதுக்குள்ள எத்தன சலூன் இருக்குது பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் முன்னால பெஞ்சு. பெஞ்சுல பேப்பர் படிச்சிக்கிட்டு நாலு பேரு. செவ்வாக்கிழம அந்தப் பெஞ்செல்லாம் காலி."

முதல் செவ்வாயன்று சேலம் பாசஞ்சரில் இரண்டு பேர் முக்காட்டுடன் வந்து இறங்கினார்கள். அடுத்த வாரம் ஓசூரிலிருந்து, கிருஷ்ணகிரியிலிருந்து. ரயிலில் கைதட்டிப் பிழைத்தவர்கள் வழியாகவே சேதி பரவியது. பென்னாகரம் பக்கத்துக் கூத்துக்காரர்கள், பெண் வேடம் கட்டுவதற்காக முடி வளர்ப்பவர்கள், அவர்களும் வரத் தொடங்கினார்கள். ஆடி வந்தது, போனது. என் கணவர் காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மல்லிகா வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊர். தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அக்காவின் முன்னால் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தாள். அண்ணன்மார் பிடித்து வைத்து வெட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் விரலளவு, ஒரு பக்கம் தோல் தெரிந்தது. அக்கா "ஐயோ" என்று சொல்லவில்லை. யார் செய்தது என்று கேட்கவில்லை. தண்ணீர் தெளித்து, சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

"உனுக்கு எப்படி வேணும், சொல்லு."

அந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை போலும். "பொம்பள மாதிரி" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"செய்யலாம்" என்றார் அக்கா. ஏதோ தினம் செய்கிற வேலை போல. பொறுமையாக வெட்டினார். கழுத்தோரம் வளைத்து, நெற்றியில் கொஞ்சம் விட்டு, காதோரத்து முடியை விரலால் சுருட்டிவிட்டார். "இது கிராப்பு இல்ல, நல்லா பாத்துக்க. பெங்களூர்ல காலேஜுக்குப் போற புள்ளைங்க ஆசப்பட்டு இப்படி வெட்டிக்குது. இதுலருந்து தோளுக்கு வர வரைக்கும் உன் முடி என் பொறுப்பு." மல்லிகா கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். வரும்போது கட்டியிருந்த துண்டைப் போகும்போது கையில் மடித்து வைத்துக்கொண்டு போனாள்.

கடை ஓடத் தொடங்கியதும் எதிர்ப்பும் வந்தது. சலூன்காரர் சங்கத்தின் தலைவர், மாணிக்கம் என்று வைத்துக்கொள்வோம், இரண்டு பேருடன் ஒரு செவ்வாயன்று வந்து நின்றார். "சங்கத்துல லீவுன்னு வெச்ச நாளு இது. நீங்க தொறந்தா கட்டுப்பாடு என்னத்துக்கு ஆகுது?" என்றார். நியாயமான கேள்விதான். வாடிக்கையாளர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"நான் பூட்டிடறங்க. நாளைக்கி இவங்கள உங்க கடைக்கி அனுப்பி உடறேன். சேர்ல உக்கார வெச்சி, இவங்க கேக்கற மாதிரி வெட்டி உடுவீங்களா?"

மாணிக்கம் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் ஒருவர்தான், "எப்படிங்க முடியும், இருக்கறவங்க எழுந்திரிச்சிப் போயிடுவாங்க" என்றார்.

"அப்ப உங்க யாவாரத்துல நான் ஒரு முடியக்கூட எடுக்கலீங்களே. நீங்க வாணாம்னு உட்டதத்தானே எடுத்துக்கிட்டேன்."

மாணிக்கம் உள்ளே எட்டிப் பார்த்தார். மல்லிகா நாற்காலியில் இருந்தாள். அப்போது அவள் முடி காதை மறைத்திருந்தது. தொழில்காரர் கண் அல்லவா, அந்த வெட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கழுத்தோரம் நல்லா எறக்கியிருக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

என் மாமனார் அவ்வளவு எளிதில் விடவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கடைக்குப் பெண்கள் வருவது நின்றுபோனது. மாதக் கடைசிக்குள் ரூமைக் காலி செய்யச் சொல்லிவிடு என்று என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வாரத்தில்தான் டீச்சர் வந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டிப்போய், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அடர்த்தியான சவுரி கேட்டார். சவுரியைச் சேர்த்துக் கட்ட, அடியில் சொந்த முடி வேண்டுமே. நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் தயங்கி, "யாரும் இல்லாத நேரமா, மறைவா வந்துட்டுப் போகட்டுமா?" என்றார்.

நான் போய்க் கேட்டேன். அக்கா முடியாது என்றுவிட்டார்.

"செவ்வாக்கிழம வரச் சொல்லுங்க. வரிசையில உக்காரச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. ரூமே கைவிட்டுப் போகும் நிலையில் இதென்ன பிடிவாதம் என்று கேட்டுவிட்டேன். அக்கா அமைதியாகச் சொன்னார்: "மறைவா வந்தவங்க மறைவாவே போயிடுவாங்க பாபி. நாளைக்கி தெருவுல பாத்தா முகத்தத் திருப்பிக்குவாங்க. டீச்சருக்கு நல்லா செஞ்சி உடறேன். ஆனா இவங்க பக்கத்துல உக்காந்துதான்."

டீச்சர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். செவ்வாயன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்தார். பெஞ்சில் மல்லிகாவுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. கொஞ்சம் தள்ளி, விளிம்பில் உட்கார்ந்தார். மல்லிகாதான் பேச்சை ஆரம்பித்தாள். "எனுக்கு இத விட மோசமா இருந்துச்சிங்க டீச்சர். இப்ப பாருங்க." டீச்சர் திரும்பிப் பார்த்தார். பிறகு எண்ணெயைப் பற்றிக் கேட்டார், அலசுவதைப் பற்றிக் கேட்டார். அவர் முறை வந்தபோது பேச்சை விட்டு எழுந்து போக மனமில்லாதவர் போல எழுந்தார். இருக்கும் கொஞ்சத்தை நிறைவாகக் காட்டுவதுதான் அக்காவின் கைத்திறமையே. நாடகக் கம்பெனி நாட்களிலிருந்து அவர் செய்து வந்ததும் அதுதான். மறுநாள் டீச்சர் முந்தானையைத் தோளோடு விட்டுப் பள்ளிக்கூடம் போனார். அடுத்த செவ்வாய் அவருடன் இன்னும் இரண்டு டீச்சர்கள் வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரே அறியும். கல்யாணப் பெண்கள், பிள்ளை பெற்று முடி கொட்டியவர்கள், எல்லோரும் வந்து அந்தப் பெஞ்சில் திருநங்கைகளோடு கலந்து உட்கார்ந்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் எங்களிடம் ரிப்பனும் வளையலும் வாங்கினார்கள். என் மாமனார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசி வந்தது. ரூமைக் காலி பண்ணச் சொன்னவர் கொத்தனாரை வரச் சொன்னார். சந்துப் பக்கம் இருந்த வாசலை அடைத்து, எங்கள் கடை வழியாகவே உள்ளே போகும்படி கதவு வைத்துக் கொடுத்தார். "பொம்பளைங்க வந்து போற எடம், சந்து வழி எதுக்கு?" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. சீக்கிரமே கடை வாரம் முழுதும் திறந்திருந்தது. மல்லிகாவும் இன்னும் சிலரும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்கள்.

எண்பதுகளின் முடிவில் ஒருநாள் அக்காவின் அண்ணன் ஏரியூரிலிருந்து வந்தார். துரத்திய அதே அண்ணன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். வாசலில் நின்றபடியே, "ஊர்ல எல்லாரும் உன் கைதான் நல்லாருக்குதுங்கறாங்க. புள்ளைக்கி சட பின்னி உட வரியா?" என்று கேட்டார்.

"சட பின்ன மட்டும்னா மல்லிகாவ அனுப்பறண்ணா. என்னைய விட நல்லா பின்னுவா" என்றார் அக்கா. "நான் வரணும்னா உன் புள்ள என்னைய அத்தைன்னு கூப்புடணும். வூட்டுக்குள்ள, எல்லாரு முன்னாலயும்."

அண்ணன் வந்த வழியே போய்விட்டார். அக்கா அன்று முழுதும் வழக்கம்போல வேலை செய்தார். சில நாள் கழித்து அண்ணனும் அண்ணியும் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, புடவையோடு வந்தார்கள். அந்தத் தடவை உள்ளே வந்தார்கள். அண்ணிதான் சொன்னார்: "புள்ள சொல்லிட்டா, அத்த வந்தாத்தான் மணையில உக்காருவேன்னு."

நானும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அக்கா வெங்காயத்தாள் நிறத்தில் பட்டுப் புடவை கட்டி, சீர்த்தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, மேளத்துக்குப் பின்னால் நடந்து மணவறைக்கு வந்தார். யாரோ ஒரு பெரியவர், "இது யாருடா?" என்று சத்தமாகக் கேட்டார். "என் தங்கச்சி" என்றார் அண்ணன். பெண்ணுக்கு அன்றைக்குச் சடை பின்னியது மல்லிகா. அக்கா அத்தையாக முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து, பெண்ணின் சடையில் பூ சரியாக நிற்கவில்லை என்று மல்லிகாவுக்குக் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு மல்லிகாவும் அவளிடம் வேலை பழகியவர்களும் தருமபுரியிலும் சேலத்திலும் கடை வைத்திருக்கிறார்கள். கல்யாண சீசனில் அவர்களிடம் தேதி கிடைப்பது கடினம்.

போன பெருநாளுக்கு அக்காவுக்குப் பிரியாணி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். உடம்பு மெலிந்திருந்தாலும் தலையை அழகாக வாரிப் பூ வைத்திருந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன்: என் வீட்டுக்காரர், மாமனார், சங்கத்துக்காரர்கள், ஊரே, இது ஓடாது, கூடாது என்று சொன்னபோது உங்களுக்குப் பயமாகவே இல்லையா என்று. அக்கா சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னதைத்தான் நான் என் பங்காக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது எதையாவது நடக்காது என்று சொல்லும்போது, முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது.

"ஓடுமான்னு கேட்டவங்க யாரும் முடி வெட்டிக்க வந்தவங்க இல்ல பாபி. வந்தவங்க கேட்டது ஒண்ணுதான், அடுத்து எப்ப தொறப்பீங்கன்னு."