கிளைக்காக அறுத்த இரும்பு

கண்டாச்சிபுரம் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு. பாதையோர மரத்தில் ஒரு தாழ்ந்த கிளை இருந்தது. மகள் செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது அதில்தான் தூளி கட்டுவேன். அடுத்திருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் கை களை எடுத்துக்கொண்டிருந்தாலும், காது தூளியிலேயே இருக்கும்.

போன வருஷம் மினி டிராக்டர் வாங்கினோம். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் நசுங்காமலிருக்க, சீட்டுக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவு உண்டு. அது அந்தக் கிளையில் இடித்தது. கிளையை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. "இரும்பைக் குட்டை பண்ணிக்கினு வாங்களேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னதே நான்தான். திண்டிவனம் போய், ஒரு அடி அறுத்து வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தார்.

இந்த அறுவடையில், வரப்பேறிய வண்டி என் கண்ணெதிரே கவிழ்ந்தது. வெல்டிங் வைத்த இடம் முறுக்கு மாதிரி உடைந்தது. குவித்திருந்த மல்லாட்டைக் கொடி வண்டியைத் தாங்கியதால், அவர் அடியிலிருந்து தவழ்ந்து வந்தார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

சென்னையிலிருந்து ஓடிவந்த செல்வி, "ரம்பம் எங்கம்மா?" என்றாள்.

"உன் தூளி கட்டின கிளைடி!"

"நான் எறங்கி எவ்ளோ வருஷம் ஆவுது? அப்பா தெனம் அந்த வண்டியிலதான போறாரு?"

கிளையை அவளே அறுத்தாள்.

இப்போது புது வளைவு முழு உயரத்தில் நிற்கிறது. சீட் பெல்ட் போட்ட பிறகுதான் அவருக்குச் சாவி கொடுக்கிறேன். பிறகு களை எடுக்கப் போகிறேன். காது மட்டும் டிராக்டர் சத்தத்திலேயே இருக்கிறது.