கிணற்றுத் தண்ணீரில் வெந்த புடவை

அன்று முற்றத்தில் இருந்தது நாலு பேர்: மாமியார், பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி, நான், தூளியில் என் ஆறு மாதப் பெண். வேறு யாரும் இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல அப்போதே எண்ணி வைத்துக்கொண்டேன்.

திருப்பூணித்துறையில் ஒரு கல்யாணத்துக்குக் கட்ட என்னிடம் நல்லதாக எதுவும் இல்லை. சேச்சி தன் வெள்ளைப் பருத்திப் புடவையைக் கொடுத்திருந்தார். அதில் பாயசம் சிந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாண நிச்சயம். கட்டிப்போக அவருக்கும் அந்த ஒன்றுதான். நடுவில் இரண்டே நாள்.

"பாயசம் குடிச்சது நீயா, என் சாரியா மோளே?" என்று சேச்சி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் வெள்ளைத் துணிக்குக் குழாய்த் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீரை ராத்திரி பிடித்து வைத்தால் விடிவதற்குள் மேலே செம்பு நிறத்தில் ஆடை படரும். சோடாக்காரம் போட்டு வேகவைக்கும் துணியில் அது ஏறினால் லேசில் போகாது. எட்டாவதோடு நின்ற எனக்கும் அது தெரியும். ஆனால் அன்று எழுந்திருக்கத் தாமதம். இரண்டு குடம் பிடித்ததும் குழாய் நின்றுவிட்டது. திட்டுக்குப் பயந்து மிச்சத்தைக் கிணற்றில் இறைத்து அண்டாவை நிறைத்தேன்.

"பைப்பு வெள்ளந்தானேடி?" என்றார் மாமியார், அடுப்பை ஊதியபடி.

"ஆமாம்மா."

முதலில் நுரை வெள்ளையாகத்தான் வந்தது. அப்புறம் அதன் ஓரம் பழுத்தது. தூளியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே பார்த்தேன். இப்போதே எடுத்தால் புடவை பிழைக்கும். எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கழியால் இன்னும் உள்ளே அழுத்தினேன். சேச்சி கிண்ணத்தில் நீலம் கரைத்தபடி, நிச்சயத்துக்கு என்னென்ன பலகாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமியார் கழியை வாங்கித் தூக்கினார். புடவை சாயா நிறத்தில் திட்டுத் திட்டாக மேலே வந்தது.

"கிணத்துல மொண்டியா?"

தலையாட்டினேன். சேச்சி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் எதை உடுத்துப் போவேன்?"

எலுமிச்சை தேய்த்ததில் பாதிக் கறை போனது. பாதி அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை சேச்சி போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்.

புடவைக்கு முந்நூறு ரூபாய் என்று மாமியார் பேசி முடித்தார். மாதம் இருபதாக ஒன்பது மாதம் கொடுத்தேன். அதற்குள் சேச்சி கும்பளங்கியில் மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரம். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றே போவதைத் தள்ளிப்போட்டேன். இப்போது அவர் இல்லை. நூற்றிருபது ரூபாய் பாக்கி.