மூணாம் நம்பர் பிரஸ்ஸின் இடது பட்டன்

"சார், கை!" என்று யாரோ கத்தினார்கள். சமயநல்லூர் பக்கம் ஒரு ரப்பர் பார்ட்ஸ் கம்பெனியில் அப்போது நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். போட்டது போட்டபடி, ரப்பரை அச்சில் வைத்து அமுக்கும் மூணாம் நம்பர் பிரஸ்ஸுக்கு ஓடினேன்.

ஆபரேட்டர் பாண்டியம்மாள் இடது கையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அவருடைய கிளவுஸ் மோல்டு அச்சுக்குள் அப்பளமாகக் கிடந்தது. கையைப் பிடித்து விரல்களை எண்ணினேன். ஐந்தும் இருந்தன. போன உயிர் திரும்பி வந்தது. எல்லோருக்கும் ஆம்பளை சைஸ் கிளவுஸ்தான் கொடுத்திருந்தோம். தொளதொளவென்று இருந்ததால் கை உருவிக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் தப்புகளில் அது ஒன்றுதான் நல்லது செய்தது.

பயம் போனதும் கோபம் வந்தது. அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் இறங்கும். கை உள்ளே போகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. இந்தம்மா இடது பட்டனில் ரப்பர் துண்டைச் செருகி, அது அமுங்கியே இருக்கும்படி செய்திருந்தார். வலது கை அமுக்கும்போது இடது கை உள்ளே போய்விட்டது.

"மெமோ குடுத்து வேலையை விட்டு அனுப்புங்க. மத்தவங்களுக்கும் புத்தி வரட்டும்" என்றார் மேனேஜர்.

நானே எழுதி எடுத்துப்போனேன். பாண்டியம்மாள் வாடிப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். வீட்டில் அவர் ஒருவர்தான் வேலைக்குப் போகிறவர். மெமோவைக் கையில் வாங்கவில்லை.

"தப்புத்தான் சார், இல்லேங்கல. ஆனா எடது தோளு கழண்டு போகுது. நீங்க ஒரு அரை மணி நேரம் அமுக்கிப் பாத்துட்டு மெமோ குடுங்க."

"அமுக்கினாப் போச்சு" என்று வீம்பாகப் போய் நின்றேன்.

"நின்னா தெரியாது சார். பனைமரம் கணக்கா இருக்கீக. உக்காந்து அமுக்குங்க."

என் தோள் அவர் தோள் உயரத்துக்கு வரும்படி ஸ்டூலில் உட்கார்ந்தேன். பட்டன்கள் கழுத்துக்கு நேரே நின்றன. பத்து நிமிடத்தில் தோள் கடுத்தது. அரை மணி நேரத்தில் என் கையே அந்த ரப்பர் துண்டைத் தேடியது.

அப்போதுதான் பட்டன் பாக்ஸ் மாட்டிய நாள் ஞாபகம் வந்தது. "எம்புட்டு ஒசரத்துல வைக்கண்ணே?" என்று வெல்டர் கேட்டான். நான் என் நெஞ்சுக்கு நேரே கையைக் காட்டி, "இங்க வை மாப்ள" என்றேன். அந்த வரிசையில் வேலை பார்ப்பவர்கள் யாருமே என் தோளுக்கு மேல் உயரமில்லை. வெட்கமாக இருந்தது.

"இது எனக்கு வர வேண்டிய மெமோ சார்" என்று மேனேஜர் மேசையில் வைத்தேன்.

அவர் முறைத்தார். "ரெண்டு நாள் தாரேன். சரியாகலேன்னா ரெண்டு பேருக்குமே மெமோதான்."

பாக்ஸை ஏற்றி இறக்கும்படி பிராக்கெட் அடித்து, ஒவ்வொருவரின் முழங்கை உயரத்துக்கும் வைத்தோம். ஒவ்வொரு முறையும் இரண்டு பட்டனையும் விட்டு மறுபடி அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும்படி வயரிங்கை மாற்றினேன். துண்டு செருகினால் மெஷின் நின்றுவிடும். கிளவுஸும் அளவுக்கேற்ப வந்தது.

மூன்றாம் நாள் ஷிப்ட் முடிவில் கேட்டேன்: "தோளு எப்படிம்மா இருக்கு?"

"அப்பிடி ஒண்ணு இருக்கதே மறந்துபோச்சு சார்."

அப்பாடா என்றிருந்தது. மெமோவை மேனேஜரே கிழித்துப்போட்டார்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, மெஷினுக்கு அளவெடுக்க டேப் பிடிக்கும் முன், அதில் நிற்கப்போகிறவரின் முழங்கைக்குப் பிடியுங்கள். யாராவது பட்டனில் துண்டைச் செருகியிருந்தால், திட்டும் முன் ஏன் என்று கேளுங்கள். இதைக் கற்றுக்கொள்ள நான் பாண்டியம்மாளின் விரல்களை விலையாகக் கொடுக்கப் பார்த்தேன். கொடுக்காமல் தப்பினேன்.