பாயின் பென்சில்

என் அறைச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழி ஓரத்தில் ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால், இஸ்திரி போட்ட வேட்டியும் கைக்குட்டையால் பொத்திய மூக்குமாக இன்னொரு ஆசாமி. உழைப்பவர்களின் துயரத்தை உலகுக்கு எடுத்துச் சொல்லப் புறப்பட்ட அந்த ஆசாமி நான்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. படத்தில் இருப்பதை மறுக்கவும் வழியில்லை.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். செய்தி என்றால் பூட்டுக்கடைத் திறப்பு விழா, புகையிலை விலை, அவ்வளவுதான். நிறையப் படித்து, கொஞ்சமே பார்த்திருந்த வயது. சென்னையில் ஒரு தர்ம ஸ்தாபனம், தொழிலாளர் நிலையைப் புகைப்படங்களாக எடுத்து அனுப்புகிறவர்களுக்கு உதவித்தொகை தருவதாக அறிவித்தது. முதல் தவணை முன்கூட்டியே வரும். படங்கள் திருப்தியாக இருந்தால் மீதித் தொகையும், அதிகாரிகள் வந்து பார்க்கும் கண்காட்சியில் இடமும் உண்டு. விண்ணப்பம் எழுதினேன். அதில் ‘மனசாட்சி’ என்ற சொல் எத்தனை இடத்தில் வந்தது என்று நினைத்துப் பார்க்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது. முதல் தவணை வந்துவிட்டது. ஒரே ஒரு குறை, எனக்குப் படம் எடுக்கத் தெரியாது.

அதனால் ஸ்டூடியோ பாயிடம் போனேன். பேகம்பூர்ப் பக்கம் அவர் ஸ்டூடியோ. காமிராவைவிட அவருடைய பென்சிலுக்குத்தான் ஊரில் பெயர். நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாவற்றையும் அழித்துவிடுவார். பெண்ணை நேரில் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் அப்புறம் பாயைத் தேடிக்கொண்டு வந்த கதைகளும் உண்டு.

நாங்கள் படம் எடுக்கப் போனது குழிக்காரரை. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டும் வேலை அவருக்கு. சுண்ணாம்பு அரித்து இரண்டு கையும் புண். விரலை மடக்க முடியாது. ரப்பர் கையுறை கேட்டதற்கு, குளிக்காததால் வந்த சொறி என்று சொல்லிவிட்டார் மேனேஜர். கை ஆறாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். புண்ணும் குழியும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் இருந்தால் அதிகாரிகளிடம் பேசலாம் என்பது எங்கள் கணக்கு.

படம் என்றதும் மனுஷர் தலைக்கு எண்ணெய் வைத்து, மைத்துனரின் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் பதறிப்போய்ச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். “கொஞ்சம் சோகமா நில்லுங்கண்ணே” என்றும் சொன்னேன்.

“எதுக்கு சார்? போட்டோவுக்குத்தான வந்திருக்கேன், எழவுக்கா?” என்றார்.

பாய் சிரித்துக்கொண்டே காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அந்த நேரத்தில் காற்று, குழி நாற்றத்தோடு, குழிக்காரருக்குப் பின்னால் நின்ற என் பக்கம் திரும்பியது. என் கைக்குட்டையின் வரலாறு அதுதான்.

கடைசித் தேதி அன்று பாய் படங்களை அட்டை வைத்து, உறைக்குள் போட்டு ஒட்டியே கொடுத்தார். நானோ படங்களோடு அனுப்ப எழுதிய கட்டுரைக்கு ஒரு நல்ல முடிவு வாக்கியம் தேடுவதில் மும்முரமாக இருந்தேன். பிரித்துப் பார்க்காமல் தபாலில் சேர்த்துவிட்டேன். சென்னையிலிருந்து பதில் மரியாதையாக வந்தது. படங்கள் மிக நேர்த்தி; தொழிலாளி நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார்; கட்டுரையில் சொல்லும் புண்களைக் காணவில்லை; ஆகவே மீதித் தொகைக்கு இடமில்லை.

கடிதத்தோடு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அங்கே குழிக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பாய் அவருக்கென்று கொடுத்த பிரதியை மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். மேனேஜர் பார்த்துவிட்டு, “கை தாமரையாட்டம் இருக்கே, இதுக்கா கையுறை?” என்றாராம்.

“பாய், புண்ணெல்லாம் எங்க?” என்றேன்.

“அழிச்சிட்டேன் தம்பி. ரெண்டு நாளு வேலை” என்றார் பாய், ஏதோ பாராட்டை எதிர்பார்ப்பவர்போல. என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “மகளுக்கு எடம் பாக்குறதா இவருதான சொன்னாரு. பொண்ணு கேட்டு வாரவுக இந்தக் கையப் பாத்தா தொத்து நோவுன்னு நெனைக்க மாட்டாகளா? நம்ம ஸ்டூடியோவுல இருந்து எப்படித் தம்பி அப்படி ஒரு படம் போகும்?”

நெகட்டிவில் போட்ட பென்சிலை அழித்து எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் படத்துக்கு உரியவர் சொல்ல வேண்டும் என்றார். இருவரும் குழிக்காரரைப் பார்த்தோம். அவர் கையிலிருந்த பிரதியை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

“வீட்டுக்கு இது இருக்கட்டும். மெட்ராசுக்குப் புண்ணோட அனுப்புங்க பாய்” என்றார்.

பாய் டர்பன்டைனில் பஞ்சை நனைத்து நெகட்டிவைத் துடைத்தார். புண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அதற்குமுன் அவர் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. முகத்தைப் பார்த்தால் யாரையோ அடித்துவிட்டு வந்தவர்போல இருந்தது.

தொகை ஒதுக்கி முடிந்துவிட்டது என்று ஸ்தாபனம் எழுதியது. ஆனாலும் படத்தைக் கண்காட்சியில் மாட்டினார்கள். அங்கே பார்த்த ஒரு தொழிலாளர் அதிகாரி தோல் ஷாப்புக்கு ஆள் அனுப்பினார். கையுறை வந்தது, சீக்கிரமே கிழிந்தது, மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. குழிக்காரரைத் தோல் காயவைக்கும் களத்துக்கு மாற்றினார்கள். கை ஆறியது. மகள் கல்யாணத்தன்று அவர் வீட்டுச் சுவரில் தாமரைக் கை படம்தான் இருந்தது.

கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த படம்தான் இப்போது என் சுவரில் இருப்பது. வந்த அன்று மூவரும் ஸ்டூடியோவில் வைத்துப் பார்த்தோம். நான் சமூகநீதி பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தேன். குழிக்காரர் காதில் வாங்கவில்லை. ஆறிய விரலை மடக்கி, படத்தில் கைக்குட்டை இருந்த இடத்தைத் தட்டினார்.

“அம்புட்டுப் புண்ணையும் அழிச்சீகளே பாய், இந்த சார மட்டும் ஏன் விட்டுட்டீக?”